காக்கிப் பையும் கயத்தாறு ஸ்பேனரும்

மலர்க் குழுவினர் போனில் கூப்பிட்டு, "சார், நீங்க ஹிஸ்டரி ஆளு. கல்லூரிக் கட்டடம் எழும்பின கதை, முதல் முதல்வர் கதை, ஏதாவது ஒண்ணு எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். அதையெல்லாம் வெள்ளி விழா மலரிலேயே எழுதி முடித்துவிட்டார்கள். மறுபடியும் அதையே அரைத்தால் எனக்கும் சலிப்பு, உங்களுக்கும் சலிப்பு. எங்கள் வகுப்பு பிரிந்து ஐம்பது ஆண்டாகிறது. என் வீட்டுப் பரணில் அதே வயதுள்ள ஒரு காக்கிப் பை கிடக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். என்னடா இது, வரலாறு எழுதச் சொன்னால் மனுஷன் சைக்கிள் ரிப்பேர் எழுதுகிறாரே என்று மாணவச் செல்வங்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதுவும் வரலாறுதான்.

1976 பொங்கல் விடுமுறையில் விடுதி மாணவர்கள் ஐந்து பேர் மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் போனோம். சுமார் 245 கிலோமீட்டர். மூன்று பேருக்குச் சொந்த சைக்கிள், இரண்டு பேருக்கு வாடகை சைக்கிள். கிளம்புவதற்கு முதல் நாள் விடுதிக்கு எதிரே இருந்த தையற்கடையில், பழைய என்.சி.சி. கால்சட்டை ஒன்றை வெட்டி ஒரு பை தைத்து வாங்கினோம். பாருக்குக் கீழே கட்டித் தொங்கவிடுகிற மாதிரி நான்கு நாடா வைத்தது. அதற்குள் போட்டவை: ஒரு கைப்பம்பு, டயர் கழற்ற இரண்டு லீவர், சொல்யூஷன் ட்யூப் ஒன்று, உப்புத்தாள், ஒட்டுப்போட வெட்டிய பழைய ட்யூப் துண்டுகள், ஒரு முழம் வால்வ் ட்யூப், காட்டர் பின் இரண்டு, போக்ஸ் கம்பி அரை டஜன், ஒரு தீப்பெட்டி நிறைய பால்ரஸ் குண்டுகள், இருமுனை ஸ்பேனர் ஒன்று. வயிற்றுவலி மாத்திரையும் இருந்தது. ஊறுகாய் பாட்டில் ஒன்றும் இருந்தது. அது விருதுநகர் தாண்டுவதற்குள் உடைந்து, சாமான் எல்லாம் எலுமிச்சை ஊறுகாய் வாசத்தோடுதான் கடைசிவரை வந்தது.

பொழுது போகாமல் ஒரு நாள் அந்தப் பையைக் கொட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு சாமானும் எங்கேயோ, யாருக்கோ, நடுவழியில் ஏதோ ஒன்று உடைந்ததால் பைக்குள் வந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

முதலில் பஞ்சர். அது ஆதியிலேயே இருந்ததல்ல. தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் 1884 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பி, 1886 டிசம்பரில் ஜப்பானின் யோக்கஹாமா போய்ச் சேர்ந்தார். சைக்கிளில் உலகைச் சுற்றிய முதல் மனிதர். அவர் ஓட்டியது முன்சக்கரம் ஆளுயரத்துக்கு நெருங்கிய பழைய மாடல்; சக்கரம் ஐம்பது அங்குலம். 1886-ல் நம் நாட்டிலும் லாகூரிலிருந்து கல்கத்தா வரை கிராண்ட் டிரங்க் ரோட்டில் ஓட்டிப் போயிருக்கிறார். அவர் எடுத்துப்போன மூட்டை ரொம்பச் சின்னது: மாற்றுச் சட்டை, காலுறை, கூடாரமாகவும் போர்வையாகவும் பயன்பட்ட ஒரு மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி. பஞ்சர் சாமான் கிடையாது. ஏனென்றால் அந்தச் சக்கரத்தில் இருந்தது கெட்டி ரப்பர். காற்றே இல்லாத இடத்தில் காற்று எப்படிப் போகும்? உடம்புதான் அடி வாங்கியது.

காற்று வந்தது 1888-ல். பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை வைத்தியம் பார்த்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டுமென்று ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். (அவருக்கு நாற்பது ஆண்டு முன்பே ராபர்ட் தாம்சன் என்பவர் இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார் என்பது பிறகுதான் தெரியவந்தது, டன்லப்பின் உரிமை செல்லாமல் போயிற்று. பெயர் மட்டும் நின்றுவிட்டது.) சுகமான சவாரி வந்தது, கூடவே பஞ்சரும் வந்தது. அன்றைய டன்லப் டயரை ரிம்மோடு சேர்த்து ஒட்டியே விடுவார்கள். ஆணி குத்தினால் எல்லாவற்றையும் பிய்த்து, ஒட்டி, மறுபடி ஒட்டிக் காயவைக்க வேண்டும். 1889-ல் பிரான்சின் கிளெர்மோன் ஃபெரான் ஊரில் மிஷெலின் சகோதரர்களின் ரப்பர்ப் பட்டறைக்கு அப்படி ஒரு சைக்கிள் வந்து நின்றது. ரிப்பேர் மூன்று மணி நேரம் பிடித்தது, ராத்திரி முழுக்கக் காய்ந்தது. மறுநாள் எதுவார் மிஷெலின் அதை ஓட்டிப் பார்த்தார். கொஞ்ச தூரத்திலேயே மறுபடி புஸ். ஆனால் அந்தக் கொஞ்ச தூரத்துச் சுகம் அவரை விடவில்லை. 1891-ல் கழற்றி மாட்டுகிற டயரைக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பாரிசிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில் ஷார்ல் தெரோன் அந்த டயரைப் போட்டு ஓட்டி, 72 மணி நேரத்துக்குள் வந்து ஜெயித்தார். பஞ்சர் ஆகாத டயராலா ஜெயித்தார்? இல்லை. ஆனாலும் ரோட்டோரத்தில் உட்கார்ந்தே சரிபண்ணிக்கொள்ளக்கூடிய டயர் அது. எங்கள் பையில் இருந்த லீவர், சொல்யூஷன், உப்புத்தாள் எல்லாவற்றுக்கும் ஜாதகம் அந்த ஆண்டில் ஆரம்பிக்கிறது.

அதற்கடுத்து நான் நிறுத்திச் சொல்ல வேண்டியது பிரெஞ்சுக்காரர்களின் பெரிய பந்தயத்தை. டூர் த பிரான்ஸ் 1903-ல் தொடங்கியது. லோட்டோ என்ற பத்திரிகை நடத்தியது. அதன் ஆசிரியர் ஆன்ரி தெகிராஞ்ச் பிடிவாதமான மனிதர். சைக்கிள் வீரன் என்றால் தன்னந்தனியாக நிற்க வேண்டும், சைக்கிள் உடைந்தால் அவனே சரிசெய்ய வேண்டும், வேறு ஒருத்தன் விரல் பட்டாலும் அபராதம் என்பது அவர் சட்டம். அதனால் வீரர்கள் மாற்று டயர்களை எட்டுப் போட்ட மாதிரி தோளில் குறுக்கே மாட்டிக்கொண்டு ஓட்டினார்கள். அந்தக் காலத்துப் படங்களைப் பார்த்தால் பூணூல் போட்டவர்கள் மாதிரி இருக்கும். கொண்டுபோன சாமானைக் கீழே போட்டுவிட்டும் வரக்கூடாது. 1920-ல் ஆன்ரி பெலிசியே என்ற பெரிய வீரர் உதவாத டயர் ஒன்றை வழியில் எறிந்தார் என்று இரண்டு நிமிடம் அபராதம் போட்டார்கள். அவர் கோபித்துக்கொண்டு பந்தயத்தையே விட்டுப் போனார்.

இந்தச் சட்டத்தில் நசுங்கியவர் யூஜீன் கிறிஸ்தோஃப். 1885-ல் பிறந்தவர், சைக்கிளுக்கு வருமுன் பூட்டு வேலை கற்றவர். 1912-ல் இரண்டாமிடம். 1913-ல் அவருக்கு நல்ல வாய்ப்பு. அந்த ஆண்டுதான் புள்ளிக்கணக்கை விட்டுவிட்டு, மொத்த நேரத்தை வைத்து வெற்றியைத் தீர்மானிக்கும் பழைய முறைக்குத் திரும்பியிருந்தார்கள். ஆகவே ரோட்டில் தொலைக்கிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டு. ஆறாவது கட்டம், பயோனிலிருந்து லூஷோன் வரை, 326 கிலோமீட்டர், முழுக்கப் பிரனீஸ் மலை. முன்னணியில் இருந்தவர் வழியில் விலகிக்கொண்டார். 2,115 மீட்டர் உயரமுள்ள டூர்மாலே கணவாயைத் தாண்டி இறங்கும்போது கிறிஸ்தோஃப் கிட்டத்தட்ட பந்தயத்தின் தலைவர். இறக்கத்தில் முன்போர்க் உடைந்தது.

போர்க் உடைந்தால் எந்தப் பையிலும் மருந்து கிடையாது. யாரும் உபரிப் போர்க் கட்டிக்கொண்டு ஓட்டுவதில்லை. அவர் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு, சக்கரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, பத்துக் கிலோமீட்டருக்குக் குறையாமல் நடந்தார். தாண்டிப்போகிறவர்கள் எல்லாரும் தாண்டிப் போனார்கள். அடிவாரத்தில் செந்த் மரி த காம்பான் என்ற கிராமத்தில் ஒரு கொல்லுப்பட்டறை இருந்தது. கொல்லர் உதவ முன்வந்தார். கூடவே வந்த பந்தய அதிகாரிகள், கைவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கொல்லர் வாயால் சொல்ல, கிறிஸ்தோஃப் கையால் செய்தார். இரும்பை எடுத்து, காய்ச்சி, அடித்து, பழைய போர்க்கை மறுபடி உருவாக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. நடுவில் ஓர் அதிகாரி, பசிக்கிறது, ஏதாவது சாப்பிட்டு வருகிறேன் என்றாராம். கரியைத் தின்னுங்கள் என்று சொல்லிவிட்டாராம் கிறிஸ்தோஃப். ஒரே ஓர் இடத்தில்தான் சட்டம் மீறப்பட்டது. இரண்டு கையும் வேலையில் இருந்ததால் துருத்தி ஊத முடியவில்லை. பட்டறையில் நின்ற சிறுவன் ஒருவன் ஊதினான். வெளியாள் உதவி! பத்து நிமிடம் அபராதம். பிறகு யாருக்கோ மனசு இளகி, மூன்று நிமிடமாகக் குறைத்தார்கள். கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் இழந்தவனுக்கு ஏழு நிமிடத் தள்ளுபடி ஒரு பெரிய விஷயமா?

அவர் பந்தயத்தை முடித்தார். ஏழாமிடம். அந்த ஆண்டு ஜெயித்த ஃபிலிப் தீஸுக்கும் கடைசியை ஒட்டிய ஒரு கட்டத்தில் போர்க் உடைந்தது. அவர் ஒரு சைக்கிள் கடையில் உதவி வாங்கிச் சரிசெய்து, பத்து நிமிட அபராதத்தையும் கட்டி, அப்படியும் ஜெயித்துவிட்டார். எந்த இடத்தில் உடைகிறது என்பதில் இருக்கிறது எல்லாம். 1919-ல், மஞ்சள் பனியன் முதன்முதலாக வந்த ஆண்டில், அதை முதலில் போட்டவர் கிறிஸ்தோஃப்தான். அந்த முறை பந்தயம் முடிய ஒரு கட்டமே மிச்சமிருக்கையில், வாலென்சியேன் ஊரருகே மறுபடி போர்க் உடைந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று, மூன்றாமிடம்தான். ஜனங்கள் வசூல் போட்டு அவருக்குப் பணம் கொடுத்தார்கள். 1922-ல் மூன்றாவது தடவையும் போர்க்! கடைசிவரை அவர் டூர் ஜெயிக்கவே இல்லை. ஆனால் அந்தக் கிராமத்துப் பட்டறையில் அவர் பெயரில் நினைவுப் பலகை இருக்கிறது. ஜெயித்த பலர் பெயர் எனக்கே ஞாபகமில்லை.

தெகிராஞ்சின் சட்டம் 1929 வரை நின்றது. அந்த ஆண்டு விக்தோர் ஃபோந்தான் மஞ்சள் பனியனோடு விடியுமுன்னே புறப்பட்டுக் கொஞ்ச தூரத்தில் விழுந்தார். சைக்கிள் உடைந்தது. இருட்டில் கிராமத்து வீடுகளின் கதவைத் தட்டி, ஒரு சைக்கிளை இரவல் வாங்கினார். ஆனால் கிளம்பிய சைக்கிளை விட்டுவிட்டுப் போகக் கூடாதே! உடைந்த சைக்கிளை முதுகில் கட்டிக்கொண்டு, இரவல் சைக்கிளில் 145 கிலோமீட்டர் மிதித்து, கடைசியில் அழுதுகொண்டே விலகினார். பத்திரிகைகளில் ஏச்சு. மறு ஆண்டு சட்டம் தளர்ந்தது. உடைந்தால் உதவி பெறலாம் என்றானது. என் கட்சியைக் கேட்டால், அந்தச் சட்டம் ஆரம்பத்திலேயே தப்பு. பை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அடுத்தவன் உதவி இல்லாமல் நெடுந்தூரம் போனவன் இல்லை.

நம்மவர்கள் கதைக்கு வருகிறேன். பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் 1923 அக்டோபர் 15-ல் உலகைச் சுற்றச் சைக்கிளில் கிளம்பினார்கள். அவர்களில் ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர் 44,000 மைல் சுற்றி 1928 மார்ச்சில் ஊர் திரும்பினார்கள். ஈரான், ஈராக் பாலைவனங்களில் எந்த சைக்கிள் கடை இருக்கும்? பையில் இருந்ததும் கையில் இருந்த தொழிலும்தான்.

இதற்கு நேர் எதிரான கதை மலாயாவில் நடந்தது. 1941 டிசம்பர் 8-ல் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, சைக்கிளில் தெற்கே ஓடி, 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூரைப் பிடித்தது. நம் ஆட்கள் தோட்டம் தோட்டமாக வாழ்ந்த நாடு அது. அங்கிருந்து வந்த பெரியவர்கள் அந்தச் சைக்கிள் படையைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். வெயிலில் டயர் வெடித்தது. ரிப்பேருக்குத் தனியாட்கள் வைத்திருந்தார்கள். நேரமில்லாதபோது டயரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். ராத்திரியில் அந்தச் சத்தம் டாங்கி வருகிற மாதிரி கேட்டதாம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. யுத்தத்துக்கு முன்பே மலிவான ஜப்பானிய சைக்கிள்கள் மலாயா முழுக்க விற்றிருந்தன. ஆகையால் உதிரிச் சாமான் ஊர் ஊராக ஏற்கெனவே காத்துக்கொண்டிருந்தது. மூட்டை கட்ட வேண்டிய அவசியமில்லை.

நம் ஊரிலும் அதே சூட்சுமம்தான், யுத்தம் இல்லாமல். இங்கிலீஷ்காரன் காலத்தில் வந்த சைக்கிளும், 1949-ல் சென்னை அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. கம்பெனி செய்த சைக்கிளும், வடக்கேயிருந்து வந்ததும், பேர்தான் வேறு. உள்ளே ஒரே அளவு. இருபத்தெட்டுக்கு ஒன்றரை டயர், முன்சக்கரத்தில் 32 கம்பி, பின்சக்கரத்தில் 40. முன்னால் சின்ன குண்டு, பின்னால் கால் அங்குலக் குண்டு. அதனால் எந்த ஊரில் புளியமரத்தடியில் ஒரு தண்ணீர்ச் சட்டியும் தொங்குகிற பழைய டயரும் தெரிகிறதோ அங்கே நமக்கு உயிர் வந்துவிடும். பஞ்சர் ஒட்டுவது, கோட்டம் எடுப்பது, ஓவராயில் பண்ணுவது எல்லாம் அங்கேயே. எங்கள் காக்கிப் பை உண்மையில் ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குப் போய்ச் சேருவதற்கு மட்டும்தான். அதை நாங்கள் அப்போது புரிந்துகொள்ளவில்லை. பை இருக்கிறது, இனி யார் தயவும் வேண்டாம் என்ற மிதப்பில் இருந்தோம்.

முதல் நாள் சாத்தூர் வருவதற்குள் ஆறு பஞ்சர். சீமைக்கருவேல முள். விறகு வண்டி போன தடத்தில் எல்லாம் முள் கிடக்கும். ஒரு முழம் வால்வ் ட்யூபும் வெயிலில் பிசுபிசுத்துத் தீர்ந்துபோனது. இருட்டிய பிறகு கோவில்பட்டி போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலை, கயத்தாறுக்கு நாலைந்து மைல் முன்னால், என் அறைத் தோழன் ஓட்டிய வாடகை சைக்கிள் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. "டக்"கென்று ஒரு சத்தம். பார்த்தால் போர்க்கின் ஒரு காலில் விரிசல், விரல்நகம் நுழைகிற அளவு. ஏற்கெனவே இருந்த கீறலின் மேல் கறுப்புப் பெயின்ட் அடித்து மறைத்திருந்தது தெரிந்தது. ஆனால் கடைக்காரரிடம் போய் யார் வாதாடுவது? முன்பணம் போகும், மேலே போர்க் விலையும் கட்ட வேண்டும். அவனுக்கு மாதா மாதம் வீட்டிலிருந்து வருகிற மணியார்டரே நாற்பது ரூபாய். முகம் செத்துப்போயிற்று. "நீங்க போங்கடா, நான் இதைத் தள்ளிக்கிட்டே மதுரைக்குத் திரும்பறேன்" என்றான்.

கரிசல் காட்டு வழியில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "அந்தா அந்த ஓடைக்கு மேல ஆசாரி பட்டறை இருக்கு, போய்க் கேளுங்கய்யா" என்று கை காட்டினார். கலப்பைக்குக் கொழு அடிக்கிற பட்டறை. பெரியவர், அறுபது வயதிருக்கும். பக்கத்தில் பேரன், பத்து வயது. போர்க்கைத் தடவிப் பார்த்தார். "பூண் போட்டுப் பித்தளைப் பத்து வைக்கணும். சைக்கிளப் பிரிங்க" என்றார். சக்கரம், மட்கார்டு, பிரேக் கம்பி எல்லாம் கழற்றினோம். ஹேண்டில் நட்டுக்கு எங்கள் இருமுனை ஸ்பேனர் சேரவே இல்லை. பெரியவர் சுவரில் சொருகியிருந்த ஒரு ஸ்பேனரை எடுத்தார். லாரிப் பட்டையில் அவரே அடித்துச் செய்தது. அச்சாக உட்கார்ந்தது. போர்க்கை உருவியதும் தலைக்குண்டெல்லாம் மண்ணில் சிதறியது. பேரன் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, எண்ணி, தேங்காய்ச் சிரட்டையில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தான்.

விரிசலை அரம் போட்டு வெள்ளையாகத் தேய்த்து, இரும்புத் தகட்டை வளைத்துப் பூணாகக் கவ்வ வைத்து, இடுக்கில் பித்தளைத் துணுக்கும் வெங்காரமும் வைத்து, களிமண் பூசி நெருப்பில் வைத்தார். பையன் துருத்தி ஊதினான். ஊதினான், ஊதினான், ஒரு மணி நேரம். எங்களில் ஒருத்தனுக்கும் "கொஞ்ச நேரம் நான் ஊதறேன் தம்பி" என்று கேட்கத் தோன்றவில்லை. நாங்கள் வேப்பமர நிழலில் உட்கார்ந்து கோவில்பட்டிக் கடலைமிட்டாயைத் தின்றுகொண்டிருந்தோம். பித்தளை இளகி ஓடும்போது நெருப்பு பச்சையாக எழுந்தது. "தண்ணியில முக்கக் கூடாது. தானா ஆறட்டும்" என்றார் பெரியவர். மூன்று ரூபாய் கேட்டார். பையனுக்கு நாங்கள் கொடுத்தது நாலணா. பேர்கூடக் கேட்கவில்லை.

கிளம்பும்போது அவர்தான் கூப்பிட்டார். "போகப் போக ஹேண்டில் நட்டு லூசாகும். அப்பப்ப இறுக்கிக்கிடணும். உங்ககிட்ட இருக்கறது சேராது. இத வச்சுக்கோங்க, திரும்பி வாறப்ப போட்டுட்டுப் போங்க தம்பி."

அவர் சொன்னபடியே நட்டு லூசாகிக்கொண்டே வந்தது. நாங்குநேரியில் ஒரு தடவை, ஆரல்வாய்மொழியில் ஒரு தடவை இறுக்கினோம். அந்த ஸ்பேனர் இல்லாவிட்டால் கன்னியாகுமரி இல்லை. மூன்றாம் நாள் அந்தியில் கடலைப் பார்த்தோம். திரும்பும்போது வாடைக்காற்று எதிரே வந்தது. ஒரு நாள் பார்த்தோம், தொடை கெஞ்சியது. விடுமுறையும் முடியப் போகிறது. சைக்கிள்களை அரசு பஸ்ஸின் கூரையில் ஏற்றிக் கட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்தோம். கயத்தாறை ராத்திரி இரண்டு மணிக்குத் தாண்டியிருக்க வேண்டும். ஐந்து பேரும் தூங்கிக்கொண்டிருந்தோம். வாடகைக்கடைக்காரர் போர்க்கைக் கவனிக்கவே இல்லை. "சைக்கிள் எப்பிடி?" என்று மட்டும் கேட்டு, ஐந்து நாள் வாடகையை எண்ணி வாங்கிக்கொண்டார். ஸ்பேனர் பையிலேயே தங்கிவிட்டது. அடுத்த லீவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்றோம். பரீட்சை வந்தது. பிறகு ஆளுக்கொரு திசை.

கிறிஸ்தோஃப் கதையை நான் படித்தது 1994 வாக்கில், வேறு எதையோ தேடிப்போன ஒரு நூலகத்தில், ஓர் ஆங்கிலப் புத்தகத்தில். துருத்தி ஊதிய சிறுவன் என்ற வரி வந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அன்றிரவே அறைத் தோழனுக்குக் கடிதம் எழுதினேன். அவன் பதில் ஒரே வரி: "வாத்தியாரே, ஸ்பேனரைக் குடுத்தாச்சா?" அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும், எந்தத் துக்கத்தில் பார்த்தாலும் முதல் கேள்வி அதுதான்.

2011-ல் ஒருவழியாக இரண்டு பேரும் காரில் போனோம். நான்கு வழிச்சாலை வந்திருந்தது. ஓடையும் தெரியவில்லை, வேப்பமரமும் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் சுற்றிய பிறகு ஒரு டீக்கடையில் வயதானவர் ஒருவர், "அந்த ஆசாரி செத்து எவ்வளவோ காலமாச்சே. டிராக்டர் வந்தப்பறம் யாரு கொழு அடிக்கிறா? பேரன் கோயமுத்தூர்ப் பக்கம் லேத்து வேலைக்குப் போனதாச் சொல்வாங்க" என்றார். பேரும் விலாசமும் யாருக்கும் தெரியவில்லை. தோழன் அந்த டீக்கடை பெஞ்சில் ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தான். 2019-ல் அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான்.

இப்போது நம் கல்லூரியில் மாணவ மாணவியர் ஒரு சைக்கிள் குழு நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கியர் வைத்த சைக்கிள், உள்ளங்கைக்குள் அடங்குகிற மடக்குக் கருவி, பஞ்சரானால் தானே அடைத்துக்கொள்கிற பசை, எல்லாம் வந்துவிட்டது. பாரிஸ்–பிரெஸ்ட் சவாரிக்கு 2019-லும் 2023-லும் இந்தியர்கள் பலர் போய் வந்திருக்கிறார்கள். அந்த மாதிரி நெடுந்தூரச் சவாரிகளில் தெகிராஞ்சின் வாசனை இன்னும் கொஞ்சம் இருக்கிறது: குறித்த நிலையங்களில் தவிர, நடுவழியில் உன் ஆட்கள் கார் கொண்டுவந்து உதவக் கூடாது என்கிறார்கள். ரோட்டில் இருக்கிற கடையில் சாமான் வாங்கலாம், முகம் தெரியாத ஆள் உதவலாம். இந்த அளவுக்குச் சட்டம் இருப்பது எனக்குச் சம்மதமே.

அந்தக் குழு வருகிற பொங்கலுக்குக் கன்னியாகுமரி போவதாகச் சொன்னார்கள். காக்கிப் பையைச் சந்திப்பு நாளன்று அவர்களிடம் கொடுத்துவிடுகிறேன். லீவரும் பம்பும் இன்னும் வேலை செய்யும். ஊறுகாய் வாசம் போயிருக்கும் என்று நினைக்கிறேன். ஸ்பேனரும் உள்ளே இருக்கிறது. கோவில்பட்டிக்கும் கயத்தாறுக்கும் நடுவில் இறங்கி இன்னொரு தடவை விசாரிக்கட்டும். கோவை, திருப்பூர்ப் பக்கம் தொழில் நடத்துகிற பழைய மாணவர்களும் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ளுங்கள். லேத் வேலை, சொந்த ஊர் கயத்தாறுப் பக்கம், தாத்தா கொல்லுப்பட்டறை வைத்திருந்தவர், வயது இப்போது அறுபதை ஒட்டி. ஸ்பேனர் ஒரு சாண் நீளம், லாரிப் பட்டையில் அடித்தது, பிடியில் உளியால் குத்திய மூன்று புள்ளி இருக்கிறது. பார்த்தால் அவருக்கு அடையாளம் தெரியும்.